பட்சிராஜன் கோபப்பட்டது சரியா? 2.0 வில்லனைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

2.0 படம் 2018 நவம்பர் 29 அன்று வந்தது. இன்றைக்கும் டிவியில் போட்டால் மறுநாள் யாராவது ஒருவர் என்னிடம் இதே சண்டையை ஆரம்பித்துவிடுகிறார். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். படம் பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம், கதை முழுக்க உடைபடும்.

யார் இந்தப் பட்சிராஜன்? எனக்குக் கதை மறந்துவிட்டது.

சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையில் எல்லோருடைய செல்போனும் திடீரென்று கையை விட்டுப் பறந்து போகிறது. பிறகு செல்போன் மொத்த வியாபாரி, டெலிகாம் கம்பெனி முதலாளி, அமைச்சர் என்று ஒவ்வொருவராகச் சாகிறார்கள், போன்களாலேயே. காரணம் யார் என்று தேடினால், பறவைகளுக்காகவே வாழ்ந்து கடைசியில் செல்போன் டவரில் தூக்குப் போட்டுக்கொண்ட முதியவர் ஒருவரின் ஆவி. அக்‌ஷய் குமார் நடித்த அந்தப் பாத்திரம்தான் பட்சிராஜன். விஞ்ஞானி வசீகரனும் அவர் செய்த ரோபோ சிட்டியும் அவரை எதிர்த்து நிற்பது மீதிக் கதை.

அவருடைய நோக்கம்தான் என்ன? "செல்போனை ஒழிக்கணும்", அவ்வளவுதானே?

இல்லை. இங்கேதான் பலரும் தவறவிடுகிறார்கள். உயிரோடு இருந்த பட்சிராஜன் வேறு ஆள், செத்த பட்சிராஜன் வேறு ஆள்.

உயிரோடு இருந்தவர் கேட்டதெல்லாம் ரொம்பச் சின்ன விஷயங்கள். கதிர்வீச்சு அளவைச் சட்டம் சொல்லும் எல்லைக்குள் வையுங்கள், மற்ற நாடுகளில் மூன்று நான்கு நிறுவனங்கள் இருக்கும்போது இங்கே ஏன் இத்தனை நெட்வொர்க், கொஞ்சம் குறைத்துப் பேசுங்கள். மனு கொடுக்கிறார், நீதிமன்றம் போகிறார், தெருவில் நின்று கெஞ்சுகிறார். ஒருவரும் காது கொடுக்கவில்லை. இந்தப் பகுதியில் வில்லத்தனம் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார், ஏரிக்காகவோ மரத்துக்காகவோ கலெக்டர் ஆபீஸ் வாசலில் கோப்புக்கட்டோடு திங்கட்கிழமை தோறும் உட்கார்ந்திருப்பார்.

செத்தவருக்குக் கோரிக்கை என்று எதுவும் கிடையாது. செல்போன் வைத்திருக்கிற அத்தனை பேரும் கொலைகாரர்கள், அத்தனை பேருக்கும் தண்டனை. இந்த இரண்டு ஆட்களையும் பிரித்துப் பார்த்தால்தான் "நோக்கம் சரியா" என்ற கேள்விக்கே பதில் வரும்.

சரி, செல்போன் கதிர்வீச்சால்தான் சிட்டுக்குருவிகள் செத்தனவா?

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. குறைந்தபட்சம், அப்படிச் சொல்ல இதுவரை வலுவான ஆதாரம் இல்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். லண்டனில் கென்சிங்டன் கார்டன்ஸ் என்று ஒரு பூங்கா. அங்கே 1925இல் சிட்டுக்குருவிகளை எண்ணினார்கள், 2603 இருந்தன. 1948இல் 885. 1975இல் 544. 2000இல் எண்ணியபோது வெறும் 8. பிரிட்டனில் செல்போன் சேவை தொடங்கியதே 1985இல்தான். அதாவது முதல் செல்போன் மணி அடிப்பதற்குப் பத்து வருடம் முன்பே ஐந்தில் நான்கு பங்கு குருவி காணாமல் போயிருந்தது. குதிரைவண்டிகள் போனதும் சிந்திக் கிடக்கும் தானியம் போனது ஒரு காரணம் என்கிறார்கள். எதுவாக இருந்தாலும் டவர் காரணமாக இருக்க வழியே இல்லை, அப்போது டவரே கிடையாது.

நம் பக்கம் வருவோம். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து போனது. இருபத்தைந்து வருடம் கழித்து, 2020இல், நாடு முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் பதிவு செய்த குறிப்புகளை வைத்து இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஒரு பெரிய அறிக்கை வந்தது. அதன்படி சிட்டுக்குருவி எண்ணிக்கை நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. குறைந்திருப்பது பெருநகரங்களில். கதிர்வீச்சுதான் எமன் என்றால் டவர் முளைத்த ஒவ்வொரு கிராமத்திலும் குருவி ஒழிந்திருக்க வேண்டுமே. என் மாமா வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் டவர் தெரியும், குருவியும் தெரியும், இரண்டும் சௌக்கியமாக இருக்கின்றன. (ஒரு கொல்லையை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பது எனக்கும் தெரியும், கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.)

அப்போ சென்னையில் குருவி குறைந்தது பொய்யா? எங்கள் வீட்டிலேயே பார்த்தோமே!

பொய் இல்லை. அந்த அறிக்கையே குறைந்திருக்கிறது என்று சொல்லும் ஆறு பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. நீங்கள் பார்த்தது உண்மை, காரணம்தான் வேறு.

என் பாட்டி வீடு ஓட்டு வீடு. உத்தரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்குகள் எல்லாம் குருவிகளுக்கே பட்டா போட்டுக் கொடுத்ததுபோல. அறுவடை முடிந்ததும் தாத்தா நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் திண்ணையில் தொங்க விடுவார், அது குருவிகளுக்கு மட்டும். பாட்டி முறத்தில் புடைத்தால் சிதறுவது, மளிகைக் கடை வாசலில் திறந்த சாக்கிலிருந்து கொட்டுவது, இதெல்லாம் கணக்கில் வராத சாப்பாடு. இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் கான்கிரீட் வீடு, மளிகை எல்லாம் பாக்கெட்டில். கூடு கட்ட இடுக்கு இல்லை, சிந்தத் தானியம் இல்லை.

அதைவிட முக்கியமானது பூச்சி. பெரிய குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்கு முதல் சில நாட்கள் புழுவும் பூச்சியும்தான் ஊட்ட வேண்டும். நகரத்தில் புதர் இல்லை, இருக்கிற அலங்காரச் செடிக்கும் மருந்து அடிக்கிறோம். குஞ்சு கூட்டிலேயே பட்டினி கிடந்து சாகிறது. சத்தமில்லாமல் நடக்கும் இந்தச் சாவை யாரும் பார்ப்பதில்லை. டவர் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பழியும் அதன் மேல் விழுகிறது.

கதிர்வீச்சு ஆய்வுகள் இருக்கின்றனவே? எல்லாமே பொய்யா?

பட்சிராஜன் பக்கமும் சில காகிதங்கள் உண்டு, மறைக்கக்கூடாது. 2007இல் பெல்ஜியத்தில் ஒரு ஆய்வும் ஸ்பெயினின் வயாடோலிட் நகரத்தில் ஒரு ஆய்வும், டவர் அலை அதிகமாக இருக்கும் இடங்களில் சிட்டுக்குருவி குறைவாக இருப்பதாகச் சொல்லின. ஆனால் டவர் எங்கே அதிகம்? கட்டடம் நெருக்கமாக, மரம் குறைவாக, வண்டிப் புகை அதிகமாக இருக்கும் இடத்தில். இரண்டும் சேர்ந்தே இருக்கும்போது கொன்றது எது என்று அந்தக் கணக்கால் பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2014இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரத்திலிருந்து வந்த ஆய்வு. வலசை போகும் ராபின் பறவைக்கு பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை கண்டுபிடிக்கும் திறன் உண்டு. நகரத்து மின்காந்த இரைச்சலில் அவற்றுக்குத் திசை குழம்பியது. அலுமினியத் தகடு போர்த்திய குடிசைக்குள் வைத்து, தகட்டை மண்ணோடு எர்த் செய்ததும் திசை திரும்ப வந்தது. ஆகா, பட்சிராஜன் ஜெயித்துவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் குழப்பம் செய்த அலைகள் 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரை. அது ஏ.எம். ரேடியோ ஓடும் பகுதி. செல்போன் வேலை செய்வது 700, 900, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் என்று எங்கேயோ மேலே. அந்த ஆய்வை நம்பிப் பழிவாங்கக் கிளம்பினால் பட்சிராஜன் பறக்கவிட்டிருக்க வேண்டியது டீக்கடை டிரான்சிஸ்டர்களை.

ஒன்று மட்டும் அவருக்காகச் சொல்லலாம். டவர் அலைக்கு நாம் வைத்திருக்கும் எல்லை மனித உடம்பை மனதில் வைத்துப் போட்டது, ஆன்டெனா முன்னால் கம்பியில் உட்காரும் பறவையை மனதில் வைத்து அல்ல. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010இல் இதை ஆராயவே ஒரு நிபுணர் குழு போட்டது, அந்தக் குழுவும் எச்சரிக்கையாக இருக்கச் சொன்னது. ஆக, கேள்வி கேட்டதில் தப்பே இல்லை. பதில் கிடைப்பதற்குள் தீர்ப்பு எழுதினாரே, அதுதான் சிக்கல்.

உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய் வரலாம் என்று சொன்னதே?

2011இல் அதன் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு இந்த அலைகளை "2பி" என்ற வகையில் வைத்தது. "இருக்கக்கூடும், உறுதியில்லை" என்பது அதன் பொருள். ஆசிய முறையில் போடும் காய்கறி ஊறுகாயும் அதே வகைதான். மேலும் அது மனிதர்களைப் பற்றியது, குருவியைப் பற்றி அல்ல.

கதிர்வீச்சை விடுங்கள். நெட்வொர்க்கைக் குறையுங்கள், டவரைக் குறையுங்கள் என்று அவர் கேட்டது நியாயம்தானே?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, வேலை செய்யும் விதத்தில் தலைகீழ். பக்கத்தில் டவர் இருந்தால் போன் மெதுவாகப் பேசும். டவர் தூரத்தில் இருந்தால் போன் தன் சக்தியை எல்லாம் கூட்டிக் கத்தும். பஸ் மலைப்பாதையில் போகும்போது பாக்கெட்டில் போன் சுடுகிறதே, சார்ஜ் தண்ணீராக ஓடுகிறதே, அது இதனால்தான். டவரைப் பாதியாக்கினால் மிச்சமிருக்கும் டவரும் ஒவ்வொரு போனும் இன்னும் உரக்கப் பேச வேண்டியிருக்கும்.

சட்ட எல்லை விஷயத்திலும் ஒரு தகவல் உண்டு. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் டவர் அலைக்கான வரம்பு, சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்குதான். 900 மெகாஹெர்ட்ஸில் அங்கே சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்றால் இங்கே 0.45. விதியைக் கடைப்பிடிக்கிறார்களா என்று அவர் கேட்டால் அது நல்ல கேள்வி. விதி தளர்வு என்று சொன்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

இதில் ஒரு வேடிக்கை வேறு. படப்பிடிப்பு ஆரம்பித்த 2015 டிசம்பரில் நாட்டில் ஒரு டஜன் நெட்வொர்க் இருந்தது உண்மைதான். படம் வருவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. 2016இல் ஜியோ வந்தது, விலைப் போரில் ஒவ்வொன்றாக விழுந்தன, 2018 தொடக்கத்தில் ஏர்செல் திவாலாகித் தமிழ்நாடே நம்பரை மாற்றிக்கொள்ள அலைந்தது, அதே வருடம் ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாகின. தியேட்டரில் பட்சிராஜன் "ஏன் இத்தனை கம்பெனி" என்று கேட்டபோது வெளியே மூன்று தனியார் கம்பெனிகளும் அரசு நிறுவனங்களும்தான் மிச்சம். அவர் கேட்டதைச் சந்தையே செய்து கொடுத்துவிட்டது. ஒரு ஆவி கூட வர வேண்டியிருக்கவில்லை.

போன் வைத்திருக்கும் சாதாரண ஜனங்களை ஏன் தண்டிக்க வேண்டும்?

கதையின் பலவீனமான இடம் இதுதான். வியாபாரி, முதலாளி, அமைச்சர் என்று அவர் போகும் வரைக்கும் ஒரு தர்க்கம் இருக்கிறது. கொடுமையான தர்க்கம், ஆனாலும் தர்க்கம்: முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்கள், மனுவைக் குப்பையில் போட்டவர்கள். அதற்கப்புறம் ஒட்டுமொத்த ஜனங்கள் மேல் பாய்ந்தவுடன் அவருக்கென்று இருந்த கணக்கு காணாமல் போய், வழக்கமான பிரம்மாண்ட வில்லன் ஆகிவிடுகிறார். கிளைமாக்ஸுக்கு ஒரு ஸ்டேடியம் தேவைப்பட்டது, ஸ்டேடியத்துக்குக் கூட்டம் தேவைப்பட்டது. நோக்கம் திரைக்கதைக்கு வளைந்து கொடுத்தது, அவ்வளவுதான்.

படத்தில் அந்த ஆவிக்கு விளக்கமாகச் சொல்லும் ஆரா, பாசிட்டிவ் எனர்ஜி, நெகட்டிவ் எனர்ஜி எல்லாம் அறிவியலா?

அறிவியல் இல்லை. பேய்ப்படத்துக்கு லேப் கோட் போட்டுவிட்டது. அடுத்த கேள்வி.

அப்போ அவருடைய நோக்கத்தில் உருப்படியாக ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது, புறாக் காட்சியைப் பாருங்கள். கடைசியில் சிட்டி தரப்பு அவரை மடக்குவது எப்படி? குட்டி ரோபோக்கள் புறாக்கள் மேல் ஏறி வந்து, சரணடையாவிட்டால் புறாவோடு சேர்ந்து வெடிப்போம் என்று மிரட்டுகின்றன. அந்த நிமிடம் பட்சிராஜன் உடைந்து போகிறார். ஊரையே அழிக்க வந்தவர், சில புறாக்களுக்காகக் கையைத் தாழ்த்துகிறார்.

பெரும்பாலான சினிமா வில்லன்கள் லட்சியம் லட்சியம் என்று பேசிவிட்டுக் கடைசியில் தன் உயிரையும் அதிகாரத்தையும்தான் காப்பாற்றப் பார்ப்பார்கள். இவர் அப்படி இல்லை, பறவை என்று வந்ததும் எல்லாவற்றையும் விட்டார். பிறந்தபோது மூச்சில்லாமல் கிடந்தவர், ஒரு சிட்டுக்குருவி வந்து உயிர் பெற்றவர் என்று படம் அவருக்கு ஒரு கதை வைத்திருக்கிறது. அந்தக் கடன் கடைசி வரை மாறவில்லை. சொல்லப்போனால் அந்தக் காட்சியில் பறவையைப் பணயம் வைத்தது கதாநாயகன் தரப்பு. எனக்கு இன்னும் அது உறுத்துகிறது.

அவெஞ்சர்ஸ் பட வில்லன் தானோஸோடு ஒப்பிட்டால் யார் மேல்?

பட்சிராஜன். பிரபஞ்சத்தில் பாதிப் பேரை அழித்தால் வளம் மிஞ்சும் என்பது தானோஸ் கணக்கு. 2018இன் உலக மக்கள்தொகையைப் பாதியாக்கினால் 1970களின் தொடக்கத்து எண்ணிக்கை வரும், ஐம்பது வருடத்தில் மறுபடி இங்கேயே வந்து நிற்போம். கணக்கிலேயே தோற்ற வில்லன் அவர். நம்மவர் தோற்றது சாட்சியத்தில்.

பறவைகளுக்காகப் பழிவாங்குவதுதான் கதை என்றால், அவர் உண்மையில் யாரைத் தேடிப் போயிருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

படத்தில் பட்சிராஜனின் இடம் திருக்கழுக்குன்றத்துப் பக்கம். அந்த ஊரின் பெயரே கழுகால் வந்தது. தினமும் உச்சி வேளையில் இரண்டு பறவைகள் மலைக்கு வந்து, பண்டாரம் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும். அவை மஞ்சள்முகப் பாறு என்ற வகை, பிணந்தின்னிக் கழுகுக் குடும்பம். காசியில் குளித்துவிட்டு வருகின்றன என்று ஊரில் சொல்வார்கள். அந்த வருகை 1990களில் நின்று போனது. ஏன் நின்றது என்று நான் முடிவு சொல்லப் போவதில்லை. ஆனால் அதே 1990களில்தான் இந்தியா முழுக்கப் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு என்ற இனம் 1992க்கும் 2007க்கும் நடுவில் 99.9 சதவீதம் குறைந்தது. ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சியது.

முதலில் ஏதோ வைரஸ் என்றுதான் சந்தேகப்பட்டார்கள். பிறகு பாகிஸ்தானின் பஞ்சாபில் ஒரு குழு செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தது. சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகள் மேல் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அப்படிச் செத்த 25 பறவைகளைச் சோதித்தார்கள், 25லும் டைக்ளோஃபினாக் இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13இல் ஒன்றில்கூட இல்லை. நாம் மூட்டு வலிக்குப் போடுகிற அதே வலி மருந்துதான். மாட்டுக்கு ஊசியாகப் போடுவார்கள், மாடு செத்தால் பாறு தின்னும், தின்ற பாறு சாகும். 2004இல் ஆய்வு வெளிவந்தது, 2006இல் இந்தியா கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. அப்புறமும் மனிதர்களுக்கான பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள், 2015இல் அந்தப் பெரிய புட்டிக்கும் தடை வந்தது. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரி அடிவாரத்து மாயாறுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும்.

பட்சிராஜன் வழக்கில் இல்லாதது இதுதான்: அறுத்துப் பார்த்த உடல், உடலில் தடயம், தடயம் இல்லாத உடலோடு ஒப்பீடு. கழுகுகளின் ஊரில் வாழ்ந்த பறவை ஆய்வாளர் அவர், கண்ணெதிரே நிரூபணமான கொலை ஒன்று நடந்திருக்கிறது, அவர் அதைப் பற்றி வாயே திறக்காமல் டவரில் போய்த் தொங்குகிறார்.

சென்னைக்குள்ளேயே வேறு குற்றவாளிகளும் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் பெரும்பகுதி ரோடும் குப்பைமேடும் ஐ.டி. கட்டடமும் குடியிருப்பும் ஆகிவிட்டது. மிச்சத்துக்கு 2022இல் ராம்சர் அந்தஸ்து, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. அங்கே ஒரு ஏக்கருக்கு மண்ணடித்தால் எத்தனை பறவைக்குச் சாப்பாடு போகும் என்று யோசியுங்கள். வெளிநாட்டுக் கணக்குப்படி அமெரிக்காவில் பூனைகள் மட்டும் வருடத்துக்கு நூறு கோடிக்கு மேல் பறவைகளைக் கொல்கின்றன, கண்ணாடிக் கட்டடத்தில் மோதிச் சாவது பல கோடி. பூனையை வில்லனாக வைத்து யாரும் 3டி படம் எடுக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

டவர் பறவையைக் கொல்வதே இல்லையா?

கொல்கிறது! அமெரிக்காவிலும் கனடாவிலும் தகவல்தொடர்புக் கோபுரங்களில் மோதி வருடத்துக்குச் சுமார் 68 லட்சம் பறவைகள் சாவதாக 2012இல் ஒரு மதிப்பீடு வந்தது. பெரும்பாலும் உயரமான டிவி கோபுரங்கள். இரவில் வலசை போகும் பறவைகள், அணையாமல் எரியும் சிவப்பு விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்து, கோபுரத்தை இழுத்துக் கட்டியிருக்கும் கம்பியில் மோதிச் சாகின்றன. விளக்கை விட்டு விட்டு எரியும்படி மாற்றினாலே சாவு பெருமளவு குறைகிறது. பட்சிராஜன் கேட்டிருக்க வேண்டியது இதை. ஒரு சுவிட்ச் வேலை.

டெலிகாம் கம்பெனிகள் படத்துக்கு எதிராகப் புகார் கொடுத்தார்களாமே?

ஆமாம். செல்போன் நிறுவனங்களின் சங்கம், படம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு, இது அறிவியலுக்கு எதிரான கருத்தைப் பரப்புகிறது என்று தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. படம் குறித்த நாளில் வெளிவந்தது. அறிவியல் விஷயத்தில் அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி சரி என்றாலும், சினிமாவில் ஒரு கிழவர் அழுவதற்குப் பயப்படுகிற அளவுக்கு ஒரு தொழில் இருந்தால் ஜனங்களுக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

எங்கள் தெரு டவரில் காக்கா கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கிறது. இதுவே போதாதா, கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது என்பதற்கு?

போதாது. எத்தனை முட்டை இட்டது, எத்தனை பொரிந்தது, டவர் இல்லாத பக்கத்துத் தெருவில் எத்தனை, இதெல்லாம் எண்ணினால்தான் எதுவும் சொல்ல முடியும். பைனாகுலர் இருந்தால் எண்ணத் தொடங்குங்கள், டவர் மேல் மட்டும் ஏற வேண்டாம்.